மாரிக்கு இறுகும் கதவும் கொப்புளிக்கும் கடதாசியும்: கலப்பு ஊடக ஒட்டுச்சித்திரம், தொடங்குவோருக்கு

ஒட்டுச்சித்திரம் என்றதும் பலருக்கு நினைவு வருவது பள்ளிக்கூடச் சித்திரப் பாடம்தான். கலர்ப் பேப்பரைக் கிழித்து, கிளியின் உருவத்துக்குள் ஒட்டி, ரீச்சரிடம் காட்டிப் புள்ளி வாங்கிய வேலை. "வெட்டி ஒட்டுறதுதானே, அதில படிக்க என்ன இருக்கு?" என்ற எண்ணம் அங்கிருந்தே வருகிறது. கலப்பு ஊடகம் என்ற சொல்லைக் கேட்டவர்கள் இதற்கு நேரெதிராக நினைக்கிறார்கள்: கையில் அகப்பட்டதை எதன்மேலும் பூசலாம், எதையும் எதனோடும் ஒட்டலாம், அதுதான் சுதந்திரம் என்று. இரண்டு எண்ணமும் ஒரே இடத்தில்தான் போய் முட்டும். ஒட்டிய மூன்றாம் நாள் கடதாசி கொப்புளிக்கும், மட்டை கிண்ணம்போல வளையும், மேலே பூசிய நிறம் தோல்போல உரிந்து வரும். கைராசி இல்லை என்று சொல்லிப் பெட்டியை மூடிவிடுவார்கள்.

கைராசிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. பசையில் இருக்கும் தண்ணீர் எங்கே போகிறது, போகும்போது எதை இழுக்கிறது என்று தெரிந்தால் இந்தக் குழப்பங்களில் பெரும்பாலானவை வராது. அந்தத் தண்ணீரைப் பின்தொடர்ந்து போவோம்.

## இரண்டு சொல்லும் ஒரு பிரம்புக் கதிரையும்

கொலாஜ் பிரெஞ்சுச் சொல். ஒட்டுதல் என்று பொருள். தமிழில் ஒட்டுச்சித்திரம். ஊடகம் என்பது படம் எதனால் ஆக்கப்படுகிறதோ அந்தப் பொருள்: நீர்வர்ணம், அக்ரிலிக் (தண்ணீரில் கரைத்துப் பூசும் பிளாஸ்டிக் வர்ணம்), பேஸ்டல் (கலர்க் கட்டி), மை, கடதாசி, துணி. ஒரே படத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊடகங்கள் சேர்ந்தால் அது கலப்பு ஊடகம்.

1912இல் ஓவியர் பிக்காசோ ஒரு நீள்வட்டக் கன்வஸில், பிரம்புக் கதிரையின் பின்னல் அச்சிட்ட ஒயில் குளோத் (எண்ணெய் பூசிய துணி) துண்டு ஒன்றை ஒட்டினார். மிச்சத்தை எண்ணெய் வர்ணத்தால் தீட்டினார். சட்டத்துக்குப் பதிலாகச் சுற்றிவரக் கயிறு கட்டினார். நம் விறாந்தைகளில் கிடக்கும் கதிரைகளின் அதே பின்னல்தான். பார்ப்பவருக்கு அது கதிரையா, கதிரையின் படமா, கதிரைபோல அச்சிட்ட துணியா என்ற தடுமாற்றம் வருகிறது. ஒட்டுச்சித்திரத்தின் இனிமை இந்தத் தடுமாற்றத்தில்தான் இருக்கிறது. கலியாண அழைப்பிதழின் தங்கக் கரையை வேலியாக ஒட்டினால், அது வேலியாகவும் தெரியவேண்டும், கலியாண அழைப்பிதழாகவும் தெரியவேண்டும். வெறும் மஞ்சள் நிறத்துக்காகத்தான் ஒட்டுவதென்றால் வர்ணத்தைப் பூசிவிட்டுப் போகலாம்.

## கடதாசி ஏன் கொப்புளிக்கிறது

மாரி தொடங்கி இரண்டு மூன்று கிழமையில் மரக்கதவு நிலையில் இறுகும். பங்குனி வெயிலில் தானாகவே தளரும். கவனித்தால், கதவு பெருப்பது அகலப்பாட்டில்தான். உயரம் கூடுவதாகத் தெரியாது. மரத்தின் நார்கள் நெடுக்காக ஓடுகின்றன. தண்ணீர் குடித்த நார் பருக்கும். நீளுவது மிகச் சொற்பம்.

கடதாசியும் அந்த மரம்தான். மரத்தைக் கூழாக்கி, நார்களைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் வலையில் படியவைத்துச் செய்கிறார்கள். வலை ஓடும் திசையிலேயே கூடுதலான நார்கள் படுத்துக்கொள்கின்றன. இதை நார்த்திசை என்று வைத்துக்கொள்வோம். பத்திரிகைத் தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் அடிமட்டம் வைத்ததுபோல நேராகக் கிழியும். குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு போகும். ஓலையை நரம்போடு கிழிப்பதற்கும் நரம்புக்குக் குறுக்கே கிழிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

இப்போது ஒரு சோதனை. கொப்பித் தாளில் 5 சென்ரிமீற்றர் சதுரம் ஒன்றை வெட்டி, ஒரு கோப்பைத் தண்ணீரில் மெதுவாக மிதக்கவிடுங்கள். மேற்பக்கம் நனையக் கூடாது. சில நொடிகளில் எதிரெதிரான இரண்டு ஓரங்கள் தண்ணீரை விட்டு எழும்பி உள்நோக்கிச் சுருளும். சதுரம் ஒரு குழாய்போல ஆகிவிடும். கீழ்ப்பக்க நார்கள் நனைந்து பருத்துவிட்டன, மேற்பக்கம் இன்னும் காய்ந்தே இருக்கிறது, அதனால்தான் இந்தச் சுருளல். குழாய் எந்தத் திசையில் நீண்டிருக்கிறதோ அதுதான் நார்த்திசை. இன்னும் கொஞ்சம் பொறுங்கள். தண்ணீர் மேற்பக்கத்துக்கும் ஊறியதும் சுருள் தளர்ந்து, தாள் மறுபடி தட்டையாகப் படுக்கும். ஆனால் அது பழைய சதுரம் இல்லை. குறுக்குப்பாட்டில் சற்றுப் பெருத்த சதுரம்.

சுருண்டதற்கும் படுத்ததற்கும் இடைப்பட்ட அந்த நேரத்தில்தான் தொடங்குபவர்கள் தவறு விடுகிறார்கள். பசையைப் பூசிய கையோடு தாளை மட்டையில் வைத்து அழுத்திவிடுகிறார்கள். ஓரங்கள் பிடித்துக்கொள்கின்றன, நடுப்பகுதி இன்னும் பெருத்துக்கொண்டிருக்கிறது. பெருக்க இடமில்லாமல் மேலே எழும்புகிறது. அதுதான் கொப்புளம். விரலால் தேய்த்தால் அது பக்கத்தில் இன்னொரு மடிப்பாகப் போய் நிற்கும்.

மருந்து, பொறுமை. தாளின் பின்பக்கம் பசையைப் பூசிவிட்டு அது ஊறிப் பெருத்து முடியும்வரை காத்திருக்கவேண்டும். பத்திரிகைத் தாளுக்கும் பட்டம் கட்டும் ரிஸ்யூ பேப்பருக்கும் சில நொடிகள் போதும். கொப்பித் தாளுக்கு அரை நிமிடம். தடித்த சித்திரத் தாளுக்கு 2 முதல் 3 நிமிடம். காத்திருக்கும் நேரத்தில் ஓரங்களில் பசை காய்ந்தால் இன்னொரு தடவை மெல்லியதாகப் பூசுங்கள். வைக்கும்போது நடுவிலிருந்து வெளியே காற்றைத் தள்ளுங்கள். பழைய பிளாஸ்டிக் காட் ஒன்று இதற்கு நல்ல கருவி. மேலே ஒயில் பேப்பரை வைத்து அதன்மேல் இழுத்தால் நனைந்த தாள் கிழியாது.

சுருக்கமாக: நனைந்த தாள் நார்களுக்குக் குறுக்காகப் பெருக்கும். பெருத்து முடிந்தபின் ஒட்டினால் கொப்புளம் வராது.

## மட்டை ஏன் வளைகிறது

பெருத்து ஒட்டிய தாள் காயும்போது சுருங்கும். சுருங்கும்போது தான் ஒட்டியிருக்கும் மட்டையையும் கூடவே இழுக்கும். மட்டை மெல்லியதென்றால் படம் இருக்கும் பக்கம் குழிந்து கிண்ணமாகும். எத்தனை புத்தகம் தூக்கி வைத்தாலும், எடுத்த மறுநாள் திரும்ப வளையும். ஏனென்றால் இழுவை தாளுக்குள்ளேயே இருக்கிறது.

விளையாட்டுப் போட்டியில் கயிறிழுத்தல் பார்த்தவர்களுக்கு இதன் தீர்வு உடனே விளங்கும். மறுபக்கத்திலும் ஆள் வேண்டும். மட்டையின் பின்பக்கத்தில் அதே தடிப்புள்ள தாள் ஒன்றை, அதே நார்த்திசையில், அதே பசையால், அதே நாளில் ஒட்டவேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் இழுத்தால் மட்டை நடுவில் நேராக நிற்கும். முன்பக்கம் மூன்று அடுக்கு வந்தால் பின்பக்கமும் இரண்டாவது தாளைக் கேட்கும்.

தளமாக, அதாவது எல்லாவற்றையும் தாங்கும் அடிப்பொருளாக, 2 முதல் 3 மில்லிமீற்றர் தடித்த சாம்பல் நிற பைண்டிங் மட்டை நல்லது. ஹாட்வெயார் கடையில் வெட்டித் தரும் 3 மில்லிமீற்றர் எம்.டி.எஃப். பலகை (மரநாரை அழுத்திச் செய்தது) இன்னும் நல்லது. பிஸ்கட் பெட்டி, ரீவி பெட்டி மட்டைகளை நான் பரிந்துரைக்கமாட்டேன். உள்ளே இருக்கும் நெளிவரிகள் காய்ந்தபின் படத்தினூடாக வரிவரியாகத் தெரியும். எந்தத் தளமானாலும் முதலில் இரண்டு பக்கமும் ஒரு பூச்சு அடித்துக் காயவிடுங்கள். ஓவியப் பொருட்கள் விற்கும் இடத்தில் ஜெஸோ என்று கிடைக்கும். சுண்ணாம்புத் தூள் சேர்ந்த வெள்ளை அடிப்பூச்சு அது. பயிற்சிக்கு, சுவருக்கு அடித்து மிஞ்சிய வெள்ளை எமல்ஷன் போதும்.

## வெள்ளைப் பசை எப்படிப் பிடிக்கிறது

தச்சர்கள் மரம் ஒட்டும் வெள்ளைப் பசையின் பெயர் பி.வி.ஏ. பாலில் கொழுப்புத் துணிக்கைகள் மிதப்பதுபோல, இதில் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துணிக்கைகள் தண்ணீரில் மிதக்கின்றன. பால்போல வெள்ளையாகத் தெரிவதும் அதனால்தான். தண்ணீர் போகப்போகத் துணிக்கைகள் நெருங்கி, ஒன்றோடொன்று இணைந்து, கண்ணாடிபோன்ற ஒரு படலமாகின்றன. வெள்ளை மறைந்து தெளிந்தால் பசை காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆக, இந்தப் பசை பிடிக்கவேண்டுமென்றால் தண்ணீர் வெளியேற ஒரு வழி வேண்டும். ஒட்டும் இரண்டு பொருட்களில் ஒன்றாவது உறிஞ்சக்கூடியதாக இருக்கவேண்டும். சொக்கலேற் சுற்றிய வெள்ளித்தாளை, வார்னிஷ் அடித்த பலகையில் ஒட்டிப் பாருங்கள். ஓரங்கள் காய்ந்து மூடிக்கொள்ளும், நடுவில் இரண்டு கிழமை கழித்தும் வெள்ளைப் பசை ஈரமாகவே இருக்கும். பிளாஸ்டிக், உலோகம், கண்ணாடி போன்றவற்றை உறிஞ்சாத தளத்தில் வைக்கவேண்டுமென்றால் நூலால் தையுங்கள், அல்லது மெல்லிய கம்பியால் கட்டுங்கள்.

மெல்லிய தாளுக்கு 2 பங்கு பசைக்கு 1 பங்கு தண்ணீர். துணிக்கும் தடித்த மட்டைக்கும் தண்ணீர் கலக்காத பசை. இன்னும் நீர்த்தால் தாள் கூடுதலாகப் பெருக்கும், படலமும் பலவீனமாகும். சிக்கனத்துக்காக நீர்ப்பது இரட்டை நட்டம். பட்டத்துக்குக் காய்ச்சும் கோதுமை மாப் பசையும் நல்ல பசைதான். 1 பங்கு மாவுக்கு 5 பங்கு தண்ணீர் கரைத்து, சிறுதீயில் கிண்டி, கண்ணாடிபோல வந்ததும் இறக்கி ஆறவிடவேண்டும். ஒட்டியதைப் பின்னர் நனைத்துக் கழற்றலாம் என்பது அதன் பெரிய வசதி. கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் அதைத் தேடி வருவது அதன் பெரிய குறை. சுவரில் நிரந்தரமாகத் தொங்கப்போகும் படத்துக்கு வெள்ளைப் பசையே மேல்.

## எது கீழே, எது மேலே

கலப்பு ஊடகத்தில் "கலப்பு" என்ற சொல்தான் ஆட்களைத் தடுமாறவைக்கிறது. இங்கே பொருட்கள் சாம்பார்போலக் கலப்பதில்லை. அடுக்காக ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. ஒவ்வோர் அடுக்கும் தனக்கு அடுத்ததைத் தாங்கவேண்டும்.

நீர்வர்ணம் காய்ந்தபின்னும் தண்ணீர் பட்டால் கரையும். அதன்மேல் பசையைத் தூரிகையால் தேய்த்தால் நிறம் கிளம்பி எல்லா இடமும் பரவும். அக்ரிலிக் அப்படியில்லை. அதுவும் பிளாஸ்டிக் படலமாகக் காய்வதால் மேலே பசை பூசினாலும் அசையாது. ஒயில் பேஸ்டல், மெழுகு, எண்ணெய் வர்ணம் மூன்றும் தண்ணீரைத் தள்ளும். அவற்றின்மேல் பசையும் பிடிக்காது, அக்ரிலிக்கும் பிடிக்காது. அக்ரிலிக் பிடித்ததுபோலத் தோன்றினாலும், சில மாதத்தில் நகத்தால் தட்டினால் தகடாகக் கழன்று வரும்.

ஆகவே வரிசை இது: நீர்வர்ணமும் சாதாரண மையும் அடியில், அவற்றின்மேல் ஒரு தெளிவான ஸ்பிரே வார்னிஷ் மெல்லிய பூச்சு, பிறகு பசை, கடதாசி, துணி, அக்ரிலிக் எல்லாம் எந்த ஒழுங்கிலும், எண்ணெயும் மெழுகும் கடைசியாக. வார்னிஷ் அடிப்பது முற்றத்தில், காற்றோட்டத்தில். அறைக்குள் வேண்டாம்.

ஒட்டப்போகும் அச்சுத் தாள்களிலும் இதே சோதனை உண்டு. ஈர விரலால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். வீட்டில் மை நிரப்பும் கலர்ப் பிரிண்டர்களில் எடுத்த படம் பெரும்பாலும் கசியும். போட்டோக்கொப்பியும் லேசர் பிரிண்டும் கசியாது.

## போட்டோக்கொப்பியிலிருந்து படத்தை மட்டும் எடுப்பது

போட்டோக்கொப்பி ஏன் கசிவதில்லை? அதில் மையே இல்லை. ரோனர் எனப்படும் கரிய பிளாஸ்டிக் தூள்தான் சூட்டில் உருகித் தாளின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கிறது. இதை வைத்து, தாளை முழுவதுமாக நீக்கிவிட்டுப் படத்தை மட்டும் தளத்தில் விடலாம். பெயர்ப்பு என்கிறோம். ஒரு பனைமரத்தின் படம், அடியில் ஒட்டிய சீலைக் கரை தெரியும்படி அதன்மேல் படிந்து நிற்கும்போது வரும் அழகை வெட்டி ஒட்டி எடுக்க முடியாது. தொடங்குபவர்கள் கட்டாயம் செய்து பார்க்கவேண்டிய வித்தை.

கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் புதிதாகப் போட்டோக்கொப்பி எடுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பக்கம், பரமேஸ்வராச் சந்தியடிக் கடைகளில் சொன்னால் கருமையைக் கூட்டித் தருவார்கள். கருமை கூடினால் ரோனரும் கூடும். படம் பெயரும்போது இடம் வலம் மாறும். எழுத்து இருந்தால் முதலில் போனில் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சிடவேண்டும். மறந்தால் "யாழ்" தலைகீழாகத் தெரியாது, ஆனால் வாசிக்கவும் முடியாது.

தளத்தில் நீர்க்காத வெள்ளைப் பசையை, அல்லது தெளிவாகக் காயும் அக்ரிலிக் மீடியத்தை (நிறம் சேர்க்காத அக்ரிலிக்), ஒரு மட்டத்தில் பூசுங்கள். படம் இருக்கும் பக்கத்தைக் கீழே வைத்து அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். ஓரத்தில் பிதுங்கும் பசையை உடனே துடைக்கவேண்டும். தாளின் முதுகில் அது காய்ந்தால் அந்த இடத்தில் தண்ணீர் ஊறாது. 24 மணி நேரம் முழுதாகக் காயட்டும். மாரியில் 2 நாள். பிறகு ஈரப் பஞ்சால் தாளின் முதுகை நனைத்து ஒரு நிமிடம் விட்டு, விரல் நுனியால் சிறு வட்டமாகத் தேய்த்தால் தாள் பஞ்சுத் திரியாக உருண்டு வரும். நகம் படக்கூடாது. அரைவாசி வந்ததும் நிறுத்திக் காயவிடுங்கள். காய்ந்தால் வெள்ளை மூட்டம் ஒன்று தெரியும். மிச்ச நார்கள் அவை. இன்னொரு தடவை நனைத்து மெதுவாக எடுக்கவேண்டும். ஒரே மூச்சில் முழுவதையும் எடுக்கப் பார்த்தால் நனைந்து இளகிய பசைப்படலம் ரோனரோடு சேர்ந்து கழன்று, படத்தில் ஓட்டை விழும். கடைசியில் மிஞ்சும் மெல்லிய மூட்டத்துக்கு ஒரு மெல்லிய மீடியப் பூச்சு போதும். நார்கள் அதற்குள் மூழ்கிக் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

சுருக்கமாக: ரோனர் பிளாஸ்டிக், அது பசையின் பிளாஸ்டிக்கோடு சேர்ந்துகொள்கிறது. தாள் நார், அது தண்ணீரில் இளகி வந்துவிடுகிறது.

## ஓலை, சிப்பி, சீலைத் துண்டு

பச்சை ஓலையை ஒட்டவே வேண்டாம். அது காயும்போது சுருண்டு பசையைப் பிய்த்துக்கொண்டு எழும்பும். பாரம் வைத்து இரண்டு கிழமையாவது காயவிட்ட ஓலையின் முதுகை மண்கடதாசியால் இலேசாக உரஞ்சி, அதன்பின் ஒட்டலாம். ஓலையின் வழுவழுப்பான மேற்பரப்பில் பசை ஊறாது. பெரிய துண்டென்றால் ஊசி நூலால் இரண்டு தையல் போடுவதே நிச்சயம். தையலும் படத்தில் ஒரு கோடுதானே.

கடற்கரையில் பொறுக்கிய சிப்பி, சோகிகளை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, தண்ணீரை நாளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். உப்பு இருந்தால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சீலைத் துண்டுகளுக்கு ஒரே ஒரு சோதனை: ஈர வெள்ளைத் துணியால் அழுத்தி, சாயம் போகிறதா என்று பார்ப்பது.

## முதல் வேலை

15க்கு 20 சென்ரிமீற்றர் மட்டை. அதற்கு மேல் வேண்டாம். பொருட்கள் மூன்று வகை மட்டும்: ஒரு அச்சுத் தாள், ஒரு துணி, ஒரு வர்ணம். தொடங்கியதும் வீட்டிலுள்ள எல்லாவற்றையும் ஏற்ற ஆசை வரும். ஆனால் அப்படி ஏற்றினால், எது தவறிப்போனது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

எல்லாத் துண்டையும் பசை இல்லாமல் அடுக்கிப் பாருங்கள். போனில் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நிறம் எத்தனை இருந்தாலும் படம் எடுபடாது. ஒரு கருமையான துண்டோ ஒரு வெளிறிய துண்டோ கேட்கிறது என்று அர்த்தம். ஒழுங்கு பிடித்ததும் துண்டுகளின் பின்னால் பென்சிலால் இலக்கம் போட்டு, அடியில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். ஓர் அடுக்கு ஒட்டி, பின்பக்க எதிர்த்தாளையும் ஒட்டி, ஒயில் பேப்பருக்கு நடுவே வைத்து, தடித்த புத்தகங்களை ஏற்றி, மறுநாள் அடுத்த அடுக்கு. ஒரே இரவில் முடிக்கப் பார்க்கும் படங்கள்தான் அதிகம் வளைகின்றன.

## பழைய கடதாசியை வெட்டுமுன்

பரண்மேல் இருக்கும் பழைய இதழ்கள், கோயில் மலர்கள், நோட்டீசுகள், கடிதங்கள் எல்லாம் ஒட்டுச்சித்திரத்துக்கு ஆசைகாட்டும். கத்தரிக்கோலை வைக்குமுன் நிறுத்துங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அதற்குப் பின்வந்த இடம்பெயர்வுகளில் வீடுகளில் இருந்தவையும் போயின. ஒருவர் வீட்டுப் பரணில் கிடக்கும் இதழ் வேறெங்கும் இல்லாத பிரதியாக இருக்கக்கூடும். 2005 முதல் "நூலகம்" என்ற பெயருள்ள இணைய எண்ணிம (டிஜிட்டல்) நூலகம் இப்படியானவற்றை எண்ணிமப்படுத்திப் பேணி வருகிறது, அவர்களிடம் கேளுங்கள். படத்துக்குத் தேவையானது மூலமல்ல, அதன் தோற்றம்தான். அதற்குப் போட்டோக்கொப்பி போதும், அது நீண்ட நாள் நிற்கவும் செய்யும். பத்திரிகைத் தாளில் மரத்தின் லிக்னின் என்ற பொருள் நீக்கப்படாமல் இருப்பதால் வெளிச்சத்தில் சில மாதங்களிலேயே மஞ்சளாகிவிடும்.

## சுவரில் தொங்கவிடும்போது

வெயில் நேரடியாக விழும் சுவர் வேண்டாம். ரிஸ்யூ பேப்பர், கிறேப் பேப்பர் சாயங்கள்தான் முதலில் வெளிறும். சந்தேகமான தாளில் ஒரு துண்டை அரைவாசி கறுப்பு மட்டையால் மூடி யன்னலில் ஒரு மாதம் வைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

சட்டம் போடுபவரிடம், கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது, இடையில் 3 மில்லிமீற்றராவது இடைவெளி வேண்டும் என்று சொல்லுங்கள். தொட்டால் மாரி ஈரத்தில் அக்ரிலிக்கும் பசையும் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். கழற்றும்போது படத்தின் தோல் கண்ணாடியில் நிற்கும். சட்டத்தின் பின்புறக் கீழ் மூலைகள் இரண்டிலும் போத்தல் தக்கையில் சீவிய துண்டு ஒவ்வொன்று ஒட்டிவிட்டால் படம் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி நிற்கும். கார்த்திகையில் சுவர் வியர்க்கும்போது அந்த இடைவெளியால் காற்று போய்வரும், பூஞ்சணம் பிடிக்காது. மாதம் ஒருமுறை சட்டத்தைத் திருப்பி, கறையான் புற்றுக் கோடு ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.